பரணில் கிடக்கும் மெஷின்

ஆசிரியருக்கு,

குறட்டை பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினோடு வைத்தியம் முடிந்துவிட்டது போல எழுதப்பட்டிருந்தது. எங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு மெஷின் இரண்டு வருடமாகக் கிடக்கிறது.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். பகலில் பேப்பரைப் பிடித்தபடியே தூங்கி விழுவேன். "ராத்திரி உங்க மூச்சு நின்னு நின்னு வருது" என்று மனைவி பயந்துபோய்ச் சொன்னாள். சோதித்ததில் மணிக்கு 22 தடவை மூச்சு தடைபடுவது தெரிந்தது. 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையாம். மெஷின் வாங்கினோம். மாஸ்க்கை மாட்டினாலே எனக்கு மூச்சு முட்டியது; கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். மூன்று மாதத்தில் பரணில் ஏற்றிவிட்டேன். வாங்கச் சொன்னவர்கள் 'போட முடிகிறதா' என்று பிறகு கேட்கவுமில்லை, வேறு வழி இருப்பதாகச் சொல்லவுமில்லை.

பல் வலிக்குப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. மேல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று என அச்செடுத்துச் செய்த பிளேட்டுகள். படுக்கும்போது மாட்டினால் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்து வைக்கும். நாக்கின் அடியும் கூடவே முன்னால் வருவதால் தொண்டையில் காற்றுக்கு வழி கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி டாக்டர் அளவைக் கூட்டினார். முதல் பத்து நாள் தலையணையெல்லாம் எச்சில், தாடையில் வலி. இப்போதும் எழுந்ததும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேர அரை மணி ஆகிறது. இட்லிக்குப் பரவாயில்லை, முறுக்கென்றால் காத்திருக்க வேண்டும்!

அதை மாட்டிக்கொண்டே மறுபடி சோதித்தபோது மணிக்கு 7 தடவைதான். மெஷின் இன்னும் குறைத்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரணில் இருந்துகொண்டு எப்படிக் குறைக்கும்! மெஷின் ஒத்துவராத பெரியவர்களுக்கு இந்தப் பிளேட்டைத் தரலாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியே 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பல் போதுமான அளவு இல்லாதவர்களுக்கும் தாடை மூட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் சரிப்படாது. ஆன்லைனில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடிக்கிற சரக்கை நம்பவும் வேண்டாம். குறட்டைச் சத்தம் அடங்கினாலும் மூச்சுத் தடை தொடரலாம், மறுசோதனை செய்தால்தான் தெரியும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ஒரு பல் டாக்டரிடமும் கேட்டு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
கோவில்பட்டி