அப்பாவுக்குக் கோபம் இல்லை, கண்ணு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலை வைத்த கையோடு எனக்குத் தனியாக மெசேஜ் போட்டிருந்தாயே, "அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம், உம்மென்றே உட்கார்ந்திருக்கிறார்" என்று. போனில் பேசினால் பக்கத்திலேயே இருக்கிறவர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். பத்தாம் வகுப்புக்கு வருஷக்கணக்கில் உயிரியல் எடுத்தவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

கோபமெல்லாம் இல்லை. அவருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய். போன மாதம் பெங்களூருக்கு ஒரு கல்யாணம் என்று சொல்லிப் போனோமே, கல்யாணமும் இல்லை ஒன்றும் இல்லை, நரம்பு டாக்டரைப் பார்க்கத்தான் போனோம். "அவனிடம் சொல்லாதே, கத்தாரில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வான்" என்றார், நானும் சரி என்று இருந்துவிட்டேன். என் தப்புதான்.

சந்தூர் முழுக்க இப்போது "வாத்தியாரம்மா வீட்டுக்காரருக்கு நரம்புத் தளர்ச்சி" என்று பேச்சு. கை நடுங்கினால் நம் ஊரில் எல்லாமே நரம்புத் தளர்ச்சிதான், பஸ் ஸ்டாண்டு சுவரில் அதற்கு லேகிய விளம்பரம் வேறு. ஆனால் அவருடைய கை நரம்புக்கு ஒன்றுமே இல்லை. நீயும் என்னிடம் படித்தவன்தானே: மூளையிலிருந்து 12 இணை, தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்பி உடம்பெல்லாம் ஓடுகின்றன. உன் பெரியம்மாவுக்குச் சர்க்கரையால் உள்ளங்கால் எரிகிறதே, அது இந்த நரம்புகளின் கடைசி நுனி கெட்டதால் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம், ஒரே நேரத்தில் ஒரு பக்கம் விழுந்துவிடும். மூளை செல்கள் கட்டுமீறி மொத்தமாக மின்சாரம் பாய்ச்சினால் வலிப்பு (அதற்குக் கையில் சாவியைத் திணிப்பதை இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள், இரும்பால் எந்த வலிப்பும் நிற்காது). அப்பாவுக்கு வந்தது இது எதுவும் இல்லை. நடுமூளையில் கறுப்பாக ஒரு சின்னத் திட்டு இருக்கிறது, அங்கேயுள்ள செல்கள் அசைவுக்குச் சேதி கொண்டுபோகிற டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன, அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஏன் சாகின்றன என்பதற்கு 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை எழுதி வைத்ததிலிருந்து இன்றுவரை முழுசாக விடை இல்லை.

டோபமைன் குறைந்தால் நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுகள் முதலில் போகும். நடக்கும்போது கை வீசுவது, கண் இமைப்பது, பிள்ளை முகத்தைப் பார்த்ததும் தானாக வருகிற சிரிப்பு. "சிரிங்க" என்று சொன்னால் சிரிக்கிறார், தானாகத்தான் வருவதில்லை. உள்ளே சந்தோஷம் இருக்கிறது, முகத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு வைகாசியில், திண்ணை நிறையப் பழுத்துக் கிடந்த செந்தூரா மாம்பழத்தை முகர்ந்துவிட்டு "இந்த வருஷம் பழத்துக்கு வாசமே இல்லை" என்றார், தெருவே மணத்துக்கொண்டிருந்தது. நிறையப் பேருக்கு அசைவுக்கும் முன்னால் மூக்குதான் போகுமாம். அப்புறம் ராத்திரி தூக்கத்தில் யாரையோ விரட்டுகிற மாதிரி உதைப்பார், நான் கட்டிலை மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஒட்டு மாங்கன்று விற்ற கணக்கு நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன், பழைய பக்கங்களில் குண்டு குண்டாக இருந்த எழுத்து வரவரச் சின்னதாகி, கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. நடுக்கம் கண்ணில் தெரிவதற்குள் அந்தச் செல்களில் பாதிக்கு மேல் போயிருக்குமாம்.

வலது தோள் பிடித்துக்கொண்டது என்று முதலில் ஒருவரிடம் போனோம், எட்டு மாதம் தைலமும் ஒத்தடமும்தான் நடந்தது. பெங்களூர் டாக்டர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கவிட்டார், பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். தட்டத் தட்ட விரல் விரிவது குறைந்துகொண்டே போய் ஒட்டிக்கொண்டது, தம்பி. எத்தனை ஆயிரம் ஒட்டு கட்டின விரல், மாந்தளிரை ஆப்பு மாதிரி சீவிச் செருகி நாடா சுற்றினால் காற்றுகூட நுழையாது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, அவர்தான் சும்மா இரு என்றார்.

மாத்திரை இருக்கிறது. டோபமைனை அப்படியே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, மாத்திரையில் இருக்கிற லெவோடோபா என்ற மருந்து நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். பருப்பு, முட்டை மாதிரி புரதத்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் குடலிலேயே போட்டி வந்து மருந்து சரியாக ஏறாது, அதனால் காலை 7 மணிக்கு மாத்திரை, 8 மணிக்குத்தான் இட்லி. பக்கத்து வீட்டு அக்கா பூனைக்காலி விதையை இடித்துக் கொடு என்கிறாள். அவள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, அந்த விதையில் லெவோடோபா நிஜமாகவே உண்டு, ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையோடு சேர்ந்து கூடிப்போனால்? நான் கொடுக்கவில்லை. மாத்திரை நோயைக் குணமாக்காது, நடமாட விடும்.

இன்னொன்று கேள். சமையலறை வாசற்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறார். தானாக வராத அடி, கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் வருமாம். அதனால் கோலமாவை எடுத்து ஒரு அடிக்கு ஒன்றாகக் குறுக்கே ஐந்து கோடு போட்டேன். கோட்டைப் பார்த்துத் தாண்டித் தாண்டி வந்து நேராகத் தண்ணீர்ப் பானையிடம் நின்றார், எனக்கே நம்ப முடியவில்லை. இப்போது வாசலில் கோலம் இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்குள் தினமும் கோடு உண்டு.

நீ உடனே லீவு போட்டு ஓடி வர வேண்டாம், ஆடியில் ஒட்டு கட்டும்போது வா, பையன்களுக்கு அவர் வாயால் சொல்லிக்கொடுக்கிறார், கூட உட்கார். அதுவரை இங்கே எட்டரை, உனக்கு ஆறு, அந்த நேரத்துக்குக் கூப்பிடு, மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும். கேட்டதற்குப் பதில் வர நேரமாகும், குரலும் சின்னதாகிவிட்டது, லைன் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்று கத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு, "காதோரம் நரைத்துவிட்டது அவனுக்கு" என்றார். நான் கவனிக்கவே இல்லை.

அம்மா