பென்சிலில் ஒற்றி அனுப்பிய புரி

ஸ்காபரோ,
மாசி 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீயும் அம்மா, அப்பா, சின்னவளும் சுகமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன்.

மில் மாமாவின் மகள் போன கிழமை வந்து சேர்ந்தாள். ஒடியல் மா, கருவாடு, அம்மா வறுத்து இடித்த தூள் எல்லாம் பத்திரமாக வந்தன. தூள் பொதிக்குள் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மரம் கடைகிற உன் லேத்தில் கிண்ணக் கட்டையைப் பிடிக்க எந்த சக் வாங்கலாம் என்று கார்த்திகையில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று சொல்லியே நாளைக் கடத்திவிட்டேன். இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. எழுதித் தந்தால் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்ப்பாய்.

சக் ஏறிப் பூட்டுகிற ஸ்பிண்டில் தண்டின் திருகுப் புரியின் மேல் கடதாசியைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்து ஒற்றி அனுப்பியிருந்தாயே, அது நல்ல வேலை. நீ வெறுமனே "பெரிய புரி" என்று எழுதியிருந்தால் நான் பிழையான சாமானை வாங்கி அனுப்பியிருப்பேன். அடிமட்டத்தை வைத்து அளந்தேன். ஐந்து புரிக்கு 17.5 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு புரிக்கு 3.5. விட்டம் 33 என்று நீயே எழுதியிருக்கிறாய். ஐரோப்பாவில் பழக்கத்தில் உள்ள எம் 33 அளவு இதுதான். இங்கே கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 புரி. 1¼ அங்குலத்திலும் 8 புரி உண்டு. அது பார்வைக்கு உன்னுடையது போலவே இருக்கும், விட்டத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் குறைவு. ஆனால் ஐந்து புரி 16 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஏறாது. வலிந்து ஏற்றினால் ஸ்பிண்டிலே பழுதாகிவிடும்.

லேத்தையும் கனடாவிலேயே எடுப்போமா என்று அப்பா கேட்டாராம். வேண்டாம் என்று சொல். இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள். நமக்கு 230, 50. மோட்டரை மாற்ற வேண்டி வரும். சக்குக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அப்பாவின் பட்டறையில் வளர்ந்தும் எனக்கு இந்த சக் விஷயம் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நமக்குப் பழக்கமானது கட்டில் கால், கதிரைக் கால், மாடிப்படிக் கம்பு. எல்லாம் இரண்டு பக்கமும் முனை கொடுத்துப் பிடித்துக் கடைகிற வேலை. கிண்ணம் என்றால் வாய்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும், அடிப்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே குடைய வேண்டும். அந்தப் பிடியைத் தருவதுதான் சக். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுக் கிழவர்.

அவரைப் பற்றி முன்பு எழுதினேனே, குளிருக்குள் கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர். போர்த்துக்கல்லில் இருந்து வந்து ஐம்பது வருஷமாம். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு 1622-இல் போர்த்துக்கேயர் நம் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்த கதை ஞாபகம் வரும், ஆனால் இந்த மனிதர் எனக்குச் செய்த உதவி பெரிது. தை மாதம் மைனஸ் 18 வரை போனது. மூச்சு விட்டால் கண்ணிமையில் உறைகிறது, மூக்குக்குள் மயிர் குத்துகிறது. அந்தக் குளிரிலும் அவர் காதுமூடித் தொப்பியோடு லேத் முன்னால் நிற்பார். புழுதி உள்ளே அடையக் கூடாது என்று கதவைப் பாதி திறந்து விட்டிருப்பார். பச்சை மேப்பிள் மரத்தைக் கடையும்போது சீவல் நீளநீளமாகச் சுருண்டு வந்து வெளியே பனியின் மேல் விழும், இடியப்பத்தைத் தட்டில் பிழிந்து விட்டது போல. ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் எந்த வீட்டு முற்றத்து மரம், எந்தக் காற்றில் விழுந்தது என்று எழுதி வைக்கிறார். ஒன்றையும் விற்பதில்லை. மரம் விழுந்த வீட்டுக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.

அம்மா அனுப்பிய கருவாட்டைப் பொரித்த நாள், மணத்துக்கு யாராவது குறை சொல்லப் போகிறார்களே என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கதவைத் தட்டி, என்ன மீன் என்று கேட்டார். அவர்கள் ஊரிலும் உப்பிட்டுக் காய்ந்த மீன்தானாம், அது இல்லாமல் நத்தார் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுத்தேன். இங்கே நண்டு ஐஸில் உறைந்ததுதான், பயற்றங்காயும் வெளிறிப்போனது, ஆனாலும் அம்மாவின் தூள் கூழைத் தூக்கிவிட்டது. உறைப்பில் கண்ணீர் வடிய வடிய இரண்டு கோப்பை குடித்தார். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் முதலில் காட்டியது ஒரு பழுதான சக். இப்போது அது கராஜ் கதவு சாத்தாமல் இருக்க அண்டை கொடுக்கிற கட்டி. மலிவு என்று வாங்கினாராம். இரண்டாம் வருஷமே கட்டையைக் கவ்வுகிற தாடையை இறுக்குகிற திருகாணிகளின் தலை தேய்ந்துவிட்டது. ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாடை நெகிழ்ந்து, கிண்ணம் அவருடைய தோளுக்கு மேலால் பறந்துபோய்ப் பனி அள்ளும் சவளில் அடித்து இரண்டாகப் பிளந்தது. விற்றவருக்கு மூன்று தரம் எழுதியும் பதில் இல்லை. அந்தத் தாடை தனியாக எங்கும் விற்பனைக்கும் இல்லை. அந்த உடைந்த கிண்ணத்தை இன்னும் தட்டில் வைத்திருக்கிறார். என் கையில் தந்து பிளவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அது உன் முகமாக இருந்திருக்குமோ என்று நினைத்தேன், எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

ஆகவே நீ கேட்ட அந்த விலை குறைந்த சக் வேண்டாம். நான் பார்த்த கடையில் அது 110 டொலர், நடுத்தரமானது 220, மேலானது 330. அதற்கு மேல் 13 வீதம் வரி. நம்முடைய காசில் கணக்குப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும்தான். ஆனால் அங்கே பழுதானால் உனக்கு யார் திருத்தித் தருவது? இங்கே உத்தரவாதம் எத்தனை வருஷம் எழுதியிருந்தாலும், இரண்டு மூன்று கிலோ இரும்பைத் திருப்பி அனுப்புகிற தபால் செலவுக்கே மலிவான சக் ஒன்று வாங்கிவிடலாம். உத்தரவாதத்தைவிட உதிரிச் சாமான் எங்கே கிடைக்கும் என்பதைத்தான் நான் பார்த்தேன். ஒன்வே என்கிற சக் இங்கேயே ஒன்ராறியோவில் ஸ்ராற்ஃபோர்ட்டில் செய்வது. விக்மார்க் அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் செய்வது, மெல்பேர்ன் சித்தப்பா வரும்போது தாடை கொண்டுவரலாம். நோவா நியூசிலாந்தில் தொடங்கிய கொம்பனியுடையது, எல்லா ஊரிலும் கிடைக்கிறது, வேறுவேறு அளவில் தாடைகள் நிறைய உண்டு. லண்டன் சித்தியிடம் சொன்னாலும் எடுத்து அனுப்புவா. மூன்றுமே நல்ல பெயர் எடுத்தவை. நான் நோவா பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன்.

அதிலும் உள்ளே மாற்றுப் புரி போடுகிற வகையைத்தான் எடுக்கப் போகிறேன். உடம்பிலேயே புரி வெட்டிய சக் ஸ்பிண்டிலோடு இன்னும் ஒட்டி நிற்கும், ஆட்டம் குறைவு என்கிறார்கள். ஆனால் நாளைக்கு நீ வேறு லேத் வாங்கினால் அது உதவாது. மாற்றுப் புரி என்றால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். எனக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கிழவரின் லேத்துக்கு 1 அங்குலப் புரி. அந்தத் துண்டை அவரே தருகிறார். அதைப் போட்டு அவருடைய லேத்தில் பூட்டி, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்து, ஒரு கிண்ணமும் கடைந்து பார்த்த பிறகுதான் உன் புரியைப் போட்டு அனுப்புவேன். பழுது இருந்தால் இங்கேயே கடைக்காரரிடம் மாற்றிவிடலாம். அந்தக் கடைப் பையனும் நல்லவன். உன் பென்சில் ஒற்றலை அவனிடம் காட்டினேன், தானே ஒரு துண்டை எடுத்து வந்து அதன்மேல் வைத்துப் பார்த்து, சரி என்றான். வேறொரு கடைக்கு இரண்டு தரம் எழுதியும் பதில் வரவில்லை. அங்கே பத்து டொலர் குறைவுதான், ஆனாலும் அங்கே வாங்க மாட்டேன்.

சாவியால் இறுக்குவதாகவே எடுக்கிறேன். இரண்டு கம்பி கொடுத்துத் திருப்புகிற வகை கொஞ்சம் மலிவு, ஆனால் இரண்டு கையும் கம்பிக்கே போய்விடும், கட்டையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். கூட நின்ற பெடியனும் கட்டாருக்குப் போய்விட்டான் என்று எழுதியிருக்கிறாய். ஒற்றைக் கையால் இறுக்கக்கூடியதே உனக்கு நல்லது.

சக்கோடு வருவது 50 மில்லிமீட்டர் தாடை. கிண்ணத்தின் அடியில் அந்த அளவுக்குப் பக்கத்தில் ஒரு கால் விட்டுக் கடை. தாடைகளை மிக விரித்துப் பிடித்தால் வட்டமாகப் பிடிக்காது, மூலைகள் மட்டும்தான் கடிக்கும். காலின் அடி உள்ளே போய் முட்டக் கூடாது, கிண்ணத்தின் தோள்தான் தாடையின் விளிம்பில் அமர வேண்டும். தாடைகளைக் கழற்றினால் 1, 2, 3, 4 என்று இலக்கம் பார்த்து அதே ஒழுங்கில் போடு. பிழையாகப் போட்டால் ஒன்று நடுவுக்கு வராமல் நிற்கும்.

காசைப் பற்றி யோசிக்காதே. என்னிடம் இருக்கிறது. பேக்கரியில் இப்போது இரவு வேலைக்கு மாறியிருக்கிறேன், மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. சனிக்கிழமையும் போகிறேன், வீட்டில் தனியே இருந்து என்ன செய்வது. என் கையில் வளையல் இல்லை என்று அம்மா படத்தில் பார்த்துவிட்டுக் கேட்டாவாம். வேலைத்தளத்தில் நகை போட விட மாட்டார்கள் என்று சொல்.

உன் கடிதத்தை விரிக்கும்போது ஒரு முதிரை மரச் சீவல் கீழே விழுந்தது. நீ தெரிந்து வைத்தாயோ, தானாக ஒட்டிக்கொண்டு வந்ததோ தெரியாது. நகத்தளவுதான். மஞ்சள் இன்னும் மங்கவில்லை. மூக்கில் வைத்தபோது அப்பாவின் சேட்டு மணந்தது. பின்னேரம் பட்டறை பூட்டிவிட்டு அப்பா நம் இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றிக் கோட்டைக்குள்ளால் கோயிலுக்குக் கூட்டிப்போவாரே, வழியில் மான்கள் வந்து உன் கையில் இருந்த கச்சான் சரையைப் பறித்துக்கொண்டு போனதும், நீ அழுததும். இங்கேயும் போன மாதம் ஒரு மான் பின்வளவுக்குள் வந்து பனியில் நின்றது. யன்னலைத் திறந்து "வா, வா" என்று தமிழில் கூப்பிட்டேன். அது போய்விட்டது. அந்தச் சீவலை என் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் தம்பி. வேலைக்குப் போகும்போது ஒருமுறை எடுத்து மணந்துவிட்டுத்தான் போகிறேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நிலாவெளி ஹோட்டல்காரர் 40 கிண்ணத்துக்கு முற்பணம் தருகிறேன் என்றால் இப்போது வாங்காதே. சக் வந்து, பத்துக் கிண்ணமாவது கடைந்து, உன் கைக்கு நம்பிக்கை வந்த பிறகு வாங்கு. முதிரையில் கடைவதென்றால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள். அந்தத் தூள் சிலருக்குத் தோலில் கடி எழுப்பும். அப்பாவின் முழங்கையில் வருஷக்கணக்காக இருந்த சொறி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கட்டைகளின் இரண்டு தலைப்பிலும் மெழுகு பூசி நிழலில் அடுக்கு, வெடிக்காது.

அப்பாவின் கண்ணை இனியும் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளை படர்ந்த கண்ணோடு உளி முன்னால் நிற்க விடாதே. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தால் எனக்கு உடனே சொல், லென்ஸ் காசு நான் அனுப்புவேன். அவர் மறுப்பார். அக்கா கோபிக்கிறாள் என்று சொல்.

சாம்பல்தீவுக் காணிக்கு மாமி கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டா என்று சின்னவள் சொன்னாள். நல்லது. ஆனால் கிணற்றுப் பங்கு உறுதியில் எழுதியிருக்கிறதா என்று நொத்தாரிசிடம் கேட்டுப் பார். அம்மப்பா காலத்துப் பழைய உறுதியில் "கிணற்றிலும் பாதையிலும் பாதிப் பங்கு" என்று வாசித்த ஞாபகம். அது புதியதில் விடுபட்டால் பிறகு மாமியின் மருமக்களோடு நமக்குத்தான் மனஸ்தாபம். போட்டோக் கொப்பி எடுத்து இந்த மாதத்துக்குள் அனுப்பு.

சின்னவள் கணக்குப் பாடத்துக்கு ரியூஷன் போகிறாளா? கோணேசர் நகர்வலம் வந்தபோது வாசலில் கும்பம் வைத்தீர்களா? எழுது.

அன்புடன்,
அக்கா

பி.கு.: சாவியை சக்கில் விட்டபடி சுவிட்சைப் போட்டுவிடாதே, துவக்குச் சன்னம் மாதிரிப் பறக்கும். எங்கே வைத்தாலும் கண்ணில் படும்படி சாவிக்குச் சிவப்பு நகப்பூச்சு பூசி அனுப்புகிறேன். அது அழிந்தால் சின்னவளிடம் வாங்கித் திரும்பப் பூசு.