போர்வை தைக்கத் தோள்கொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் தங்கியிருக்கும் குழந்தைகளுக்காக துணித் துண்டுகளை இணைத்து நாம் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள் அனைத்தும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. பார்த்தவர்கள் எல்லோரும் மேல்துணியின் நிறங்களையே பாராட்டினார்கள். அது நியாயமான பாராட்டுத்தான். ஆயினும் இத்தகைய போர்வையில் கண்ணுக்குத் தெரியாத உழைப்பே மிகுதி என்பதால், அந்த உழைப்பைத் தந்தவர்களின் பங்கை எல்லோரும் அறியும்படி எழுதி நன்றி கூற வேண்டும் என்று விரும்பினேன்.

துணிகளைக் கொடுத்தவர்களுக்கும், வெட்டுவதற்கு முன்பே அவற்றைத் துவைத்து உலர்த்தித் தந்தவர்களுக்கும் முதல் நன்றி. புதிய பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கக்கூடியது. அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டு, பக்கத்தில் உள்ள வெள்ளைத் துண்டையும் கெடுத்துவிடும். இதை அறிந்த சகோதரி ஒருவர், ஒவ்வொரு சிவப்புத் துணியின் மீதும் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பார்த்து, கறை படிந்தால் அந்தத் துணியை மறுபடியும் அலசப் போட்டார். அவரது பொறுமையால்தான் போர்வைகளைப் பல முறை துவைத்தாலும் நிறம் கலக்காது என்று பெறுகிறவர்களிடம் நம்மால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

துண்டுகளை அளந்து வெட்டியவர்களையும், துண்டுகளை இணைத்த ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டுப் படியவைத்தவர்களையும் தனித்துக் குறிப்பிட வேண்டும். துண்டுகளை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்கிறோம். ஓர் இணைப்பில் 1/16 அங்குலம் பிசகினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பன்னிரண்டு துண்டுகள் கொண்ட வரிசையில் அதுவே சேர்ந்து சேர்ந்து முக்கால் அங்குலத்தை நெருங்கிவிடும், அடுத்த வரிசையோடு மூலைகள் பொருந்தா. வரிசைகள் நேராக அமைந்ததற்கு இவர்களே காரணம்.

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் ஊடுருவி ஓடுதையல் போட்ட பெரியவர்களுக்கு என் வணக்கம். இந்தத் தையல் வெறும் அழகுக்காகப் போடப்படுவதன்று. அடுக்குகள் நெருக்கமாகப் பிணைக்கப்படாவிட்டால், துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து ஓரிடத்தில் திரண்டுவிடும்; குழந்தைகளின் போர்வையோ அடிக்கடி சலவைக்குப் போவது. சில போர்வைகளைத் தைப்பதற்குப் பதிலாக, தடித்த நூலால் ஆங்காங்கே முடிச்சிட்டு இணைத்தோம். பார்வை மங்கிய அம்மா ஒருவர், தம்மால் இனித் தைக்க இயலாது என்று ஒதுங்கிவிடாமல், அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் இழுத்துப் பார்த்துத் தளர்ந்தவற்றைக் காட்டிக்கொடுத்தார். நல்ல கண்பார்வை உள்ளவர்களும் கவனிக்காத முடிச்சுகள் அவர் விரலுக்கு அகப்பட்டன.

குண்டூசிகளை எண்ணி எடுத்து, எண்ணித் திரும்ப வாங்கிய இளைஞர்களுக்கும், முடிந்த போர்வைகளின் மீது காந்தத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சோதித்தவர்களுக்கும் நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே வலியுறுத்தியவர்களும் இவர்களே. சிறு குழந்தை எதையும் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்பதை மறந்து அலங்காரம் செய்வது அன்பாகாது.

இதே அக்கறையோடு நமக்கு வழிகாட்டிய செவிலியர் ஒருவருக்கும் நன்றி. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கலாகாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை என்று அவர் விளக்கினார். அதனால் சிறிய அளவில் தைத்தவற்றை, குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர்களின் கண்காணிப்பில் தரையில் விரித்து விளையாடவிடுவதற்கு என்று தெளிவாகக் குறிப்பு எழுதி இணைத்தோம். வாசனையற்ற சோப்பில் துவைத்து அனுப்பியதும் அவர் சொல்லின்படியே. நோயுற்ற குழந்தைகள் பலருக்கு வாசனைப் பொருள்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள், செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பிரிட்டனில் குண்டுவீச்சால் வீடிழந்த குடும்பங்களைச் சென்றடைந்தன. அவற்றின் பின்புறத்தில் சங்கத்தின் பெயர் தாங்கிய சிறு துணிச்சீட்டு இருந்ததே தவிர, தைத்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. நம் போர்வைகளில் யார் பெயரும் வேண்டாம், துவைக்கும் முறையை மட்டும் எழுதினால் போதும் என்று நீங்கள் ஒருமனதாக முடிவு செய்தபோது நான் நெகிழ்ந்துபோனேன்.

போர்வைகளைப் பெற்றுக்கொண்ட பணியாளர்கள் அவற்றை வரிசையாக விரித்து வைத்து, குழந்தைகள் தாங்களே விரும்பியதை எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். வழங்கும்போது நாம் படம் எடுக்கவில்லை, எடுத்து அனுப்பும்படி கேட்கவும் இல்லை. துன்பத்தில் இருக்கும் குழந்தையின் முகம் நம் பணிக்குச் சான்றாக வேண்டியதில்லை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

தையல் மெஷின்களைச் சுமந்து வந்தவர்களுக்கும், வீட்டு மேசைகளைத் துணிக் குவியலுக்கு விட்டுக்கொடுத்த குடும்பத்தினருக்கும் நன்றி. மீந்த துண்டுகள் நிறவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. ஓரப்பட்டிக்கு ஏற்ற அடர் நிறப் பருத்தித் துணி மட்டும் தீர்ந்துவிட்டது. வைத்திருப்பவர்கள் துவைத்துக் கொடுத்தால் அடுத்த போர்வைகளைத் தொடங்கிவிடலாம்.

நன்றியுடன்,
போர்வைத் தையல் குழுவின் ஒருங்கிணைப்பாளர்