இலையை உருவாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறேன். பூ விட்டதும் இலையை எல்லாம் உருவிவிட்டால் காய் பெருக்கும் என்று இப்போது வீடியோக்களில் சொல்கிறார்கள். பின்வீட்டு ஆச்சி அப்படியே செய்தார். நுனியில் நாலு இலைதான் மிச்சம். பிஞ்செல்லாம் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டன.

வெளிநாட்டில் அறைக்குள் கஞ்சா வளர்ப்பவர்கள் செய்வது இது. அங்கே வளரும் பருவத்தில் நாளுக்கு 18 மணி நேரம்கூட விளக்கு எரியும், செடிகளும் நெருக்கமாக நிற்கும். நடுவே காற்றும் வெளிச்சமும் போக இலையைக் கழிக்கிறார்கள். இங்கே 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பதே குற்றம். அதன் பக்குவம் நம் தக்காளிக்கு எதற்கு? வளவில் உச்சிவேளையில்தான் வெயில் இறங்கும். அந்தக் கொஞ்ச வெயிலில் செடிக்கு உணவு தருவது இலைதானே!

மண்ணில் படும் அடி இலை, பழுத்தது, புள்ளி விழுந்தது, இவற்றை மட்டும் ஈரமில்லாத நேரத்தில் கிள்ளினால் போதும். தோட்டக்கலை அலுவலர் ஒருவரைக் கொண்டு இதை உங்கள் நாளிதழில் விளக்கமாக எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி