ரக்பி மன்றத்தின் ஆண்டறிக்கை: ஜூலை 2024 முதல் ஜூன் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், ஆட்டக்காரர்களின் பெற்றோருக்கும் வணக்கம்.

நமது மன்றத்தின் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ரக்பி மன்றத்தின் அறிக்கையில் கார் பந்தயத்துக்கு என்ன வேலை என்று புதிய உறுப்பினர்கள் கேட்கக்கூடும். நம்மில் சிலர் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நெடுநாளாக மார்ஷல்களாக, அதாவது தடத்தோரம் நின்று பந்தயப் பாதுகாப்பைக் கவனிப்பவர்களாகத் தொண்டு செய்துவருவதாலும், சென்னையில் இவ்விரு விளையாட்டுகளையும் பார்க்க வருவோர் பெரும்பாலும் அதே முகங்கள்தாம் என்பதாலும், இரண்டையும் சேர்த்தே எழுதுவது இம்மன்றத்தின் வழக்கம்.

ஆண்டின் தொடக்கமே பாரிஸ் ஒலிம்பிக்காக அமைந்தது. 2016, 2020 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் செவன்ஸ் எனப்படும், அணிக்கு எழுவர் ஆடும் ரக்பியில் ஆடவர் தங்கத்தை வென்றிருந்த ஃபிஜியை, இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் 28–7 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. இடைவேளைக்குப் பின் களமிறங்கிய பிரான்ஸின் அந்துவான் துப்போன் இரண்டு டிரைகள் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளிகள்) அடித்தார். ஆனால் நமது மகளிர் அணியினர் இன்றுவரை பேசுவது மகளிர் வெண்கலப் பதக்க ஆட்டத்தைப் பற்றித்தான். ஆஸ்திரேலியா 12–7 என முன்னிலையில் இருந்தது, நேரமும் முடிந்துவிட்டது என்ற நிலையில், அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் தம் பக்கத்துக் கோட்டருகே பந்தை வாங்கி, இருவரிடமிருந்து உதறிக்கொண்டு, மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடி டிரை அடித்ததோடு, டிரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்கான உதையையும் தாமே உதைத்து 14–12 என்று ஆட்டத்தை முடித்தார். அன்றிலிருந்து பயிற்சியில் விசில் ஊதிய பிறகும் ஓடிக்கொண்டே இருப்பது நம் பெண்களுக்கு வாடிக்கையாகிவிட்டது என்று பயிற்சியாளர் குறைப்பட்டுக்கொள்கிறார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டிய இப்பந்தயம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது என்பது அனைவருக்கும் நினைவிருக்கும். சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம், அண்ணா சாலை வழியாக ஏறக்குறைய 3.5 கிலோமீட்டர் நீளத்தில் தடம் அமைந்தது. போக்குவரத்து மாற்றத்தால் அவ்வாரம் நமது மாலைப் பயிற்சி நின்றுபோனது. அதற்காக உறுப்பினர்கள் சிலர் எழுதிய கடிதங்கள் கோப்பில் உள்ளன.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்று கிடைத்த பிறகே கார்கள் ஓட வேண்டும் என்பதில் உயர் நீதிமன்றமும் உறுதியாக இருந்தது. மழையால் பணிகள் பின்தங்க, கெடு நீட்டிக்கப்பட்டு, இரவில்தான் சான்று வந்தது. சீட்டு வாங்கி வந்தவர்கள் எரிச்சலடைந்தார்கள், செய்தித் தொலைக்காட்சிகள் கேலி பேசின. ஆனால் தடுப்புச் சுவர், வேலி, மருத்துவ வண்டி, மார்ஷல் நிற்கும் இடம் எனத் தடம் முழுவதும் ஆய்வாளர்கள் பார்த்து முடிக்கும் வரை எவ்வளவு பெரிய கூட்டம் காத்திருந்தாலும் வண்டி நகராது என்ற ஒழுங்கைத்தான் நம் மார்ஷல்கள் அன்று கண்டார்கள். நாமோ, ஆம்புலன்ஸ் வந்து சேராத மைதானத்தில், 'வழியில் வந்துகொண்டிருக்கிறது' என்ற சொல்லை நம்பி ஸ்கிரம் (இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் அமைப்பு) கட்டியவர்கள். இவ்வாண்டு நிர்வாகக் குழுவில் நடந்த விவாதங்கள் அனைத்துக்கும் வேர் இதுவே.

ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. மன்ற அறையில் அன்று எழுந்த ஆரவாரம் நமது எந்த வெற்றிக்கும் எழுந்ததில்லை என்பதைச் சற்றே பொறாமையுடன் குறிப்பிடுகிறேன். பயிற்சியின்போது தடுப்பில் மோதிய பின், அந்தக் காரைத் தாம் ஓட்டாமல் சக ஓட்டுநர்களிடம் விட்டுவிட்டு, வேறொரு காரில் மட்டும் அவர் ஓட்டினார். அடிபட்ட பிறகும் வெளியேற மறுத்து நடுவரோடு வாதாடும் நம் முன்வரிசை ஆட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மற்றவற்றைச் சுருங்கச் சொன்னால், 1998க்குப் பிறகு முதன்முறையாக 2024இல் மெக்லாரன் ஃபார்முலா 1 அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 2025 மே மாதம் மொனாக்கோவில் நடந்த ஃபார்முலா 2 குறும்பந்தயத்தில் பெங்களூரின் குஷ் மைனி முதலாவதாக வந்தார். ஐரோப்பிய ரக்பி தொடரான ஆறு நாடுகள் கோப்பையைப் பிரான்ஸ் வென்றது. டப்ளினில் முழங்கால் தசைநார் கிழிந்து துப்போன் வெளியேறிய ஆட்டத்திலும் அவ்வணியே 42–27 என வென்றது. சிவப்பு அட்டை பெற்றவருக்குப் பதிலாக 20 நிமிடங்களுக்குப் பின் மாற்று ஆட்டக்காரர் இறங்கலாம் என்ற சோதனை விதி அத்தொடரில் நடைமுறையில் இருந்தது. கார் பந்தயத்தின் நேர அபராதத்தைப் போன்ற இவ்விதி ஆட்டத்தின் விறுவிறுப்பைக் காப்பாற்றுகிறது என்பது உண்மையானாலும், தலையில் இடிப்பவருக்கான தண்டனை இத்தனை மலிவாவது எனக்கு உடன்பாடில்லை.

ஆண்டின் இறுதியில் மும்பையில் நடந்த முதலாவது ரக்பி பிரீமியர் லீக்கில், ஆறு அணிகளுக்கிடையே சென்னை புல்ஸ் அணி இறுதி ஆட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41–0 என வீழ்த்திக் கோப்பையை வென்றது. வெளிநாட்டு நட்சத்திரங்களின் பங்கு அதில் பெரிது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், சென்னையின் பெயரைத் தாங்கிய ரக்பி அணியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு மைதானத்துக்குப் பையன்கள் வருவதை நான் இதற்கு முன் கண்டதில்லை. அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் பந்து இருக்கிறது, இடம்தான் இல்லை. கிரிக்கெட் வலைகளுக்கும் காலை நடைப்பயிற்சியாளர்களுக்கும் நடுவில் கிடைக்கும் பாதி மைதானத்தில், சிறுவர்களுக்கு டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) இல்லாத தொடு ரக்பி மட்டுமே கற்றுக்கொடுக்கிறோம். வாடகை மைதானத்துக்காக அளித்த விண்ணப்பத்துக்கு உரிய இடத்திலிருந்து இதுவரை பதில் இல்லை.

இறுதியாக, நிர்வாகக் குழு ஒருமனதாக ஏற்றுப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் விதிகள்: மருத்துவ உதவியாளரும் ஆம்புலன்ஸும் மைதானத்துக்குள் வந்து நிற்பதைப் பார்த்த பிறகே நடுவர் ஆட்டத்தைத் தொடங்குவார். தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், அன்று திரும்ப இறங்கக்கூடாது. அதன் பின்னர் உலக ரக்பி அமைப்பு உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு வகுத்துள்ளபடி, குறைந்தது 21 நாட்கள் கழித்தே படிப்படியாகப் போட்டிக்குத் திரும்பலாம். பல்லைக் காக்கும் மவுத்கார்டு இல்லாதவருக்கு டேக்கிள் பயிற்சி கிடையாது. ஆம்புலன்ஸ் செலவை ஈடுகட்ட ஆண்டுச் சந்தாவை உயர்த்த வேண்டியிருக்கிறது. அதன் விவரத்தைப் பொருளாளர் தமது அறிக்கையில் சமர்ப்பிப்பார். சந்தா உயர்வை எதிர்ப்பவர்கள், ஆட்ட நாட்களில் தம் சொந்தக் காரை மைதான வாசலில் ஓட்டுநருடன் நிறுத்திவைக்கலாம் என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் முன்வைத்த மாற்று யோசனையை, ஆம்புலன்ஸுக்கு அது ஈடாகாது என்பதால் குழு ஏற்கவில்லை.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கௌரவச் செயலாளர்