ரெட் ஹார்னை மறுபடி நடக்கவிட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘ஜங்க்’ (பழுதான பொருள்) என்று சீட்டு ஒட்டி விற்கப்பட்ட, டோமி நிறுவனத்தின் மோட்டார் பொம்மையான ரெட் ஹார்ன் இப்போது தரையில் நேராக நடக்கிறது. ஜப்பானியப் பழம்பொருள் கடைகளில் அந்தச் சீட்டு இருந்தால், ஓடுமா ஓடாதா என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் பொறுப்பேற்க மாட்டார்கள். அப்படியும் பேட்டரி அறையைத் திறந்து உள்ளே படமெடுத்து அனுப்பிய விற்பனையாளருக்குத்தான் முதல் நன்றி. வெளித்தோற்றத்தைப் பத்துக் கோணத்தில் எடுத்த படங்களைவிட அந்த ஒரு படம் உதவியது.

அறியாதவர்களுக்கு: சோய்ட்ஸ் என்ற, நாமே கோத்துக்கொள்ளும் பொம்மை வரிசை 1983-இல் ஜப்பானில் வந்தது. ரெட் ஹார்ன் அதில் ஸ்டைராகோசாரஸ் என்ற கொம்புள்ள டைனோசரின் உருவம். பசை தேவையில்லை. ரன்னரிலிருந்து (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகங்களை வெட்டி, முளைகளைத் துளையில் செருகி, வெளியே ரப்பர் கேப் மாட்டினால் மூட்டு தயார். மோட்டார் பெட்டி மட்டும் கோத்தே வரும். அது முடங்கினால் மிச்சமெல்லாம் அலமாரிப் பொருள்.

“மோட்டாரை மாற்றாதீங்க, முதல்ல உராய்வைத் தேடுங்க” என்று சொன்ன ரேடியோ மெக்கானிக் அண்ணனுக்குப் பெரிய நன்றி. பேட்டரிக் கறையைத் துடைக்கும் வழியும் அவர் சொன்னதுதான். கசிந்தது அல்கலைன் பேட்டரியானால் வெளிவருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றுபட்டு வெள்ளைப் பொருக்காகிவிடும். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். பழைய கார்பன் பேட்டரியின் கசிவோ அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல். பேட்டரியே இல்லாமல் கறை மட்டும் இருந்தால், ஈர லிட்மஸ் தாளை ஒற்றிப் பார்க்கச் சொன்னார்: நீலமானால் காரம், சிவப்பானால் அமிலம். பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால். தகட்டின் முலாம் போயிருந்தால் உப்புத்தாளால் எவ்வளவு பளபளக்க வைத்தாலும் மீண்டும் துரு பிடிக்கும். மெல்லிய சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) பூச்சு கொடுப்பது மேல். பிளாஸ்டிக் உருகாமலிருக்க, தகட்டைக் கழற்றி எடுத்துத்தான் சூடு வைக்க வேண்டும்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்றால், அழுக்கான முனையில் 1 ஓம் தடை கூடினால் 0.5 ஆம்பியர் ஓடும்போது 0.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது. 3 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு! ஓட்டம் தளர்ந்ததும் பலர் செய்வது 3.7 வோல்ட் லித்தியம் செல்லைச் செருகுவது. அது பிரச்சினையைத் தீர்க்காது. உலர்ந்த கியரின் பல்லைத்தான் உடைக்கும்.

அடுத்து, தையல் மெஷின் பழுதுபார்க்கும் அக்கா. பழைய கிரீஸ் மெழுகாய் இறுகியிருந்தது. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் கிட்டே வரக் கூடாது என்று தடுத்தவர் அவர்தான். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் ஆகிய பிளாஸ்டிக்குகள் அவற்றில் கரையும் அல்லது விரிசல் விடும். மரக்குச்சியால் சுரண்டி, ஆல்கஹாலில் துடைத்து, பற்களில் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அப்பினால் அதுவே பாரமாகும். மோட்டார் தண்டின் தாங்கியில் ஊசி முனையால் ஒரே ஒரு சிறு துளி மெஷின் எண்ணெய். அதிகமானால் உள்ளே கம்யூட்டேட்டருக்கு (மோட்டாரின் சுழலும் மின்தொடர்புப் பகுதி) இறங்கி, கரித்தூளோடு குழைந்து மின்தொடர்பைக் கெடுக்கும்.

பெட்டியைத் திறக்குமுன் ஒவ்வொரு கியரையும் அந்தந்த இடத்திலேயே படமெடுக்கச் சொன்னவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கால்களை அசைக்கும் இடப்பக்கக் கிராங்கும் வலப்பக்கக் கிராங்கும் அரைச் சுற்று விலகி நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் நடை நொண்டும். பேட்டரி போடுமுன் கையால் கியரைச் சுற்றி, கால்கள் முழுச்சுற்று தடையின்றி வருகின்றனவா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

பினியன் (மோட்டார் தண்டில் ஏற்றும் சிறு பல்சக்கரம்) அனுப்பிய ரிமோட் கார் நண்பருக்கு நன்றி சொல்லும்போது அவருடைய காதுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டே கோளாறைப் பிரித்தார். தொடர்ந்து கரகரத்தால் மோட்டார் முனையிலுள்ள பினியன், நிதானமாக ‘டக்... டக்’ என்றால் பின்னால் மெதுவாகச் சுற்றும் கியரில் பல் போயிருக்கிறது. மோட்டார் மட்டும் இரைந்து கால் அசையாவிட்டால், விரிந்த பினியன் தண்டில் வழுக்குகிறது. இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக் பினியன் வருடக்கணக்கில் இழுவிசையிலேயே இருப்பதால் நீளவாக்கில் வெடிப்பது சகஜம். பல் எண்ணிக்கை, மாட்யூல் என்ற பல்லின் அளவு (சிறு மோட்டார் கியர்களில் பெரும்பாலும் 0.5), தண்டின் விட்டம் மூன்றும் பொருந்த வேண்டும். தண்டு 2 மி.மீ. என்றால் பினியன் துளை 1.9 மி.மீ. அளவில் இருந்தால்தான் பிடிக்கும். தண்டின் பின்முனைக்குத் தாங்கல் கொடுத்து வைஸில் (பட்டறை இறுக்கி) மெதுவாக அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். சூப்பர் குளூ அறவே வேண்டாம், தாங்கிக்குள் வழிந்துவிடும்.

பாகங்களைக் கோக்கும் முறை சொல்லும் ஜப்பானிய மொழித் தாளை ஸ்கேன் செய்து அனுப்பியவர்களுக்கும், அதைப் பொறுமையாகப் படித்துச் சொன்னவருக்கும் நன்றி.

ரப்பர் கேப் தந்தவர்கள் மூன்று நான்கு பேர். இறுகிப்போன கேப்பைச் சுடுநீரில் போட்டால் கழற்றும் அளவுக்கு இளகும். ஆனால் ஆறியதும் பழையபடியாகும், மறுபடி மாட்ட உதவாது. விரிசல் விட்டவற்றுக்குச் சிலிக்கான் குழாயை வெட்டிப் போட்டோம். அசையும் மூட்டில் கேப்பை அடிவரை தள்ளாதீர்கள்; கடுகளவு இடைவெளி இல்லையென்றால் அந்த மூட்டே பிரேக் ஆகிவிடும். நடை தளர்ந்த மாடல்களில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஒடிந்த முளைக்கு 1 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டுவதே நிலைக்கும். வெறும் பசை நடையின் அதிர்வைத் தாங்காது.

குரோம் பூசிய பைலட் உருவத்தை வீட்டு பிளீச்சில் ஊறவைக்கவிடாமல் தடுத்தவருக்கும் ஒரு கும்பிடு. பூச்சு மொத்தமாக உரிந்திருக்கும். சிவப்பு ஓடுகளையும் பெராக்சைடும் வெயிலும் காட்டாமல் சோப்பு நீரோடு விட்டுவிட்டோம். மஞ்சளேறியதைப் போக்கும் அந்த வைத்தியம் வெள்ளை, சாம்பல் பாகங்களுக்குத்தான், சிவப்பு வெளுத்துவிடும்.

சிலிக்கான் குழாய் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கேட்பவர்கள் முளையின் விட்டத்தை வெர்னியரில் அளந்து சொன்னால் வெட்டி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ரெட் ஹார்னைப் பழுதுபார்த்தவர்கள்