எவ்வளவு தொலைவிலிருந்து?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விண்வெளியிலிருந்து பூமியைப் பார்த்தவர்களின் மனமாற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அருமை. ஆனால் உடன் வந்த முழுப் பூமியின் படத்தின் கீழ் ‘விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்தது’ என்றிருப்பது பிழை. இதைத் திருத்தினால் கட்டுரையின் முடிவையும் கொஞ்சம் திருத்த வேண்டிவரும்.

அது 1972 டிசம்பர் 7 அன்று, நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்போலோ 17 கலத்திலிருந்து, ஏறத்தாழ 29,000 கி.மீ. தொலைவில் எடுத்த படம். சூரியன் கலத்தின் முதுகுப்பக்கம் இருந்ததால் பூமி முழுவட்டமாக ஒளிர்ந்தது. இங்கே தென்னாப்பிரிக்கா உள்ள தென் அரைக்கோளத்தில் அப்போது கோடைக்காலம் என்பதால் அண்டார்டிகாவின் பனியும் பளிச்சென்று விழுந்தது. மூலப்படத்தில் தெற்குதான் மேலே இருக்கிறது, அச்சுக்குத் திருப்பிவிட்டார்கள். திருப்பாத படத்தை நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

விண்வெளி நிலையம் பறப்பதோ சுமார் 400 கி.மீ. உயரத்தில். டர்பனுக்கு நேர் மேலே வரும்போது அதிலிருந்து சுற்றிலும் 2,200 கி.மீ. வரைதான் தரை தெரியும். கேப் டவுன் அதற்குள் அடங்கும், மடகாஸ்கரின் தென்முனையும் அடங்கும், நைரோபி அடங்காது. 2002இல் போய்வந்த நம் நாட்டவர் மார்க் ஷட்டில்வர்த் சுற்றியதும் ஏறக்குறைய இந்த உயரத்தில்தான். பூமியை உருண்டையாகப் பார்க்க அங்கே வழியில்லை. வளைந்த விளிம்பும், அதன்மேல் நூலிழை போன்ற நீலக்கோடாக வளிமண்டலமும் தெரியும். போய்வந்தவர்கள் பலர் நெகிழ்ந்து சொல்வது அந்த இழையைப் பற்றித்தான்.

‘மேலே போனால் எல்லைக்கோடுகள் மறைந்துவிடும்’ என்ற கட்டுரையின் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்திய–பாகிஸ்தான் எல்லையின் காவல் விளக்குகள் இரவில் ஆரஞ்சு நிறக் கோடாக நிலையத்திலிருந்தே தெரிகின்றன. பகலில் 400 மி.மீ. லென்ஸ் பொருத்தினால் படத்தின் ஒரு பிக்சல் தரையில் ஆறேழு மீட்டர். அந்த நுணுக்கத்தில், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு குரூப் ஏரியாஸ் சட்டம் கீறிய கோடுகளும் தப்பாது: மரமடர்ந்த பெரிய மனைகள் ஒருபுறம், நெருக்கியடித்த கூரைகள் மறுபுறம், இடையில் ஆறோ வெற்றுநிலமோ. டர்பனில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கும் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய உம்லாசிக்கும் நடுவே ஓடும் உம்லாஸ் ஆறு அப்படிப்பட்ட ஒரு கோடு. நீலப் பந்தாகப் பூமியைப் படம்பிடித்த 1972இலும் அந்தச் சட்டம் இங்கே நடப்பில் இருந்தது. 29,000 கி.மீ.க்கு அப்பால் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெரிய படம் தரும் பரிவு உண்மையானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அடுத்த இதழில் அதன் பக்கத்திலேயே நிலையத்திலிருந்து எடுத்த டர்பன் படம் ஒன்றையும் போடுங்கள். இரண்டின் கீழும் தொலைவையும் லென்ஸையும் குறித்துவிடுங்கள். முதல் படத்துக்கு 80 மி.மீ.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்